மணிக்கட்டில் கட்டிய கத்தரிப்பூத் துணி

முந்தாநாள் நம் குரூப்பில் அந்தச் செய்தியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம் பழைய பள்ளிக்கூடத்துக்குக் கேமரா வைக்க வேண்டுமாம். கேட்டை மாற்ற வேண்டுமாம். பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறவர்களுக்குப் போட்டோ ஒட்டிய அட்டை கொடுக்க வேண்டுமாம். எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் யார் முன்னால் நின்று இதைச் செய்கிறான் என்று பார்த்தால், நம் தொலைந்துபோனவன்! அடப்பாவி, அன்றைக்கு நீ மட்டும் தூங்காமல் இருந்திருந்தால் நமக்குச் சுவரும் வந்திருக்காது, கேட்டும் வந்திருக்காது.

கோபித்துக்கொள்ளாதே. பேரன் பேத்தி எடுத்த பிறகும் உனக்கு எங்களிடம் அந்தப் பெயர்தான். தினமும் விடியற்காலையில் பூப்படம் போட்டுக் குட்மார்னிங் சொல்லி எங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறாயே, அதற்கு இந்தத் தண்டனை போதாது.

எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறீர்கள். நான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை என்று நம் வகுப்பு லீடரம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். போனில் இவ்வளவு நீளமாக அடிக்க என் விரலுக்குப் பொறுமை இல்லை. காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியுங்கள்.

உங்களுக்கு நினைவிருக்கும், நாம் மூன்றாம் வகுப்புப் போன புதிதில் பள்ளிக்கூடத்துக்குச் சுவரே கிடையாது. சுற்றிலும் கிளுவை வேலி. அதுவும் பாதி இடத்தில் உடைசல். ஒரு பக்கம் நம் ஊர் ராயபுரத்துத் தெரு, இன்னொரு பக்கம் பனியன் கம்பெனி. கம்பெனிப் பொம்பளைகள் டீக்கடைக்குப் போக நம் மைதானத்தைத்தான் குறுக்கு வழியாக வைத்திருந்தார்கள். ஐஸ்காரர் உள்ளே வந்து நம் வகுப்பு ஜன்னலுக்குக் கீழேயே பெட்டியைத் தட்டுவார். ஆடு வரும், நாய் வரும். நீ யார், எதற்கு வந்தாய் என்று யாரையும் யாரும் கேட்டதில்லை. கணக்கு வாத்தியார் தூங்கும்போது கம்பெனி மிஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். அயர்ன் போடும் இடத்திலிருந்து ஈரத்துணி வேகிற வாசம் வரும். இன்றும் எங்காவது இஸ்திரிக் கடையைத் தாண்டினால் எனக்கு வாய்ப்பாடு ஞாபகம் வருகிறது.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு அந்த வேலியின் உடைசல்தான் அம்மா.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னாலேயே அம்மாவை மாமன் வந்து சேவூருக்குக் கூட்டிப்போய்விட்டார். அப்பாவுக்கும் அவளுக்கும் என்ன சண்டை என்று எனக்கு இன்றுவரை முழுசாகத் தெரியாது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அப்பா என்னை அனுப்பவில்லை. அப்பா காதர்பேட்டையில் ஒரு பனியன் கடையில் வேலை பார்த்தார், காலையில் போனால் ராத்திரிதான் வருவார். அதனால் அவருடைய அக்கா, என் அத்தை, எங்களோடு வந்து இருந்து என்னைப் பார்த்துக்கொண்டாள். அத்தைக்கு ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனை விரித்துப் பிடித்து ஓட்டை, கறை, நூல் பிசிறு பார்க்கிற வேலை. வீட்டிலும் அதே கண்ணோடுதான் இருப்பாள். என் சட்டைப் பொத்தானில் ஆரம்பித்து நகக்கண் வரை ஒன்றும் தப்பாது. “உங்கம்மா பேச்சை இந்த ஊட்டுல எடுக்கக் கூடாது, சொல்லிப்போட்டேன்” என்று முதல் நாளே சொன்னாள். எனக்கு அவளைக் கண்டால் பயம்.

ஆனால் புதன்கிழமை மதியம் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இருந்த உடைசலுக்கு அம்மா வந்துவிடுவாள். சேவூரிலிருந்து பஸ் ஏறி, இறங்கி, அவ்வளவு தூரம் நடந்து வருவாள். உள்ளே மட்டும் வரமாட்டாள். பிள்ளையைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்குள் காலடி வைக்க மாட்டேன் என்று பெரியவர்கள் முன்னால் அவளிடம் வாக்கு வாங்கியிருந்தார்கள். அம்மா அந்த வாக்கை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினாள். காலடியை வேலிக்கு வெளியே வைத்துக்கொண்டு இரண்டு கையையும் உள்ளே நீட்டுவாள். நான் வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவேன். அத்தை காலையில் இழுத்துப் பின்னிய சடையை அவிழ்த்து மறுபடியும் பின்னிவிடுவாள்.

அவள் கையில் நிலக்கடலைச் செடியின் மண்வாசம் இருக்கும். மடியில் வேகவைத்த கடலை கொண்டுவருவாள், உப்புத் தண்ணீரோடு இன்னும் சூடாக இருக்கும். அவள் பேசப் பேச நான் தின்றுகொண்டே இருப்பேன். முகத்தைப் பார்க்க முடியாது. திரும்பினால் “அசையாதடா கண்ணு, வகிடு கோணிக்கும்” என்பாள்.

அப்படி ஒரு நாள் பின்னும்போதுதான் சொன்னாள். “மாமன் கொள்ளேகால் பக்கம் தோட்டம் பார்த்திருக்குது கண்ணு. தை முடிஞ்சா அல்லாரும் அங்க போயிருவோம். அதுக்குள்ள ஒரு நாளாச்சும் உன்னைக் கூட்டிட்டுப் போயி, எங்கூடவே வெச்சுக்கோணும்.”

“எங்க கூட்டிட்டுப் போவீங்க?”

“எங்கியோ. இந்த வேலி இல்லாத எடமாப் பாத்து.”

கொள்ளேகால் எந்தத் திசை என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு நாள் முழுக்க அம்மாவோடு என்பது மட்டும் மனசில் நின்றது. பொழுது விடிந்தால் அந்த நினைப்பு, சாய்ந்தால் அந்த நினைப்பு.

அந்தச் சமயத்தில்தான் நம் கதாநாயகன் தொலைந்தான். ஊரில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரே பேச்சாக இருந்த காலம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெயர் கூப்பிட்டால் இவன் இல்லை. வகுப்பு முழுக்க ஓலம். அழவேண்டிய காரணமே இல்லாதவர்களும் அழுதோம். இவன் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். தெருவில் கம்பளி விற்க வந்த வடக்கத்திக்காரர் ஒருவரைப் பிடித்து விளக்குக் கம்பத்தில் கட்டிப்போட்டு, நாலு பேர் அடித்தும்விட்டார்கள். அவர் என்னவோ சொல்லிச் சொல்லி அழுதார். அவருடைய பாஷை அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் கம்பெனியில் வெட்டி மிஞ்சின துணிக் குவியலை லாரியில் ஏற்றப் போன பொம்பளைகள் வீலென்று கத்தினார்கள். குவியலுக்குள்ளே இவன்! சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். தலை, புருவம் எல்லாம் பஞ்சு. எழுப்பினால், “பெல் அடிச்சாச்சுங்களா?” என்று கேட்டானாம். அவன் அம்மா முதலில் ஒரு அறை விட்டார், பிறகு கட்டிக்கொண்டார். கம்பளிக்காரரை அவிழ்த்துவிட்டார்கள். யாரோ ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்கள். தப்பு நடந்துபோச்சு என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் தன் கம்பளிகளை உதறி மடித்து எடுத்துக்கொண்டு போனார். இப்போது யோசித்தால் அவர் போன விதம்தான் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

இனிமேல் பொறுக்க முடியாது என்று பெரிய டீச்சர் முடிவெடுத்தார். நம் தலைமையாசிரியை, திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள். “பிள்ளைகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?” என்று பக்கத்துக் கம்பெனி முதலாளியிடம் போய் நின்றார். முதலாளி சுவர் கட்டிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். தன் கம்பெனியில் வெட்டு மிஷினில் விரல் போன ஒருவரைக் கேட்டில் காவலுக்குப் போட்டார். கேட்டுக்காரர் என்று நாம் கூப்பிடுவோமே, அவர்தான். கூடவே ஒரு யோசனையும் சொன்னார்.

“ஏனுங் டீச்சர், நாங்க பண்டல் கட்டறாப்புல நீங்க பிள்ளைகளுக்குக் கட்டிருங்களேன்.”

வெளியூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் புரியாது. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். ஒரு ரோல் துணியிலிருந்து வெட்டின முன்பாகம், பின்பாகம், கை எல்லாவற்றையும் அந்த ரோலின் துண்டுத் துணியாலேயே கட்டிவைப்பார்கள். ஒரே சாயம் என்று சொன்னாலும் ஒரு தடவை தோய்த்த லாட்டும் அடுத்த தடவை தோய்த்த லாட்டும் ஒத்துப்போகாது. கலந்துவிட்டால் பனியனுக்கு உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு ஆகிவிடும். அதே மாதிரி ஒரே துண்டில் வெட்டின இரண்டு நாடா. ஒன்று பிள்ளையின் மணிக்கட்டில். இன்னொன்று வீட்டில். கூட்டிப்போக வருகிறவர் அந்த நாடாவைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். சேர்த்துவைத்துப் பார்த்து ஷேடு ஒத்தால்தான் பிள்ளை வெளியே போகும்.

கேட்டுக்காரர்தான் எல்லாருக்கும் கட்டிவிட்டார். இருக்கிற விரல்களை வைத்துக்கொண்டு அவர் போட்ட முடிச்சை வருஷக் கடைசி வரைக்கும் ஒரு பயலாலும் அவிழ்க்க முடியவில்லை. எனக்குக் கத்தரிப்பூ நிறம். நல்ல அழுத்தமான கத்தரிப்பூ. பனியன் துணியை இழுத்துக் கட்டினால் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும் அல்லவா, அப்படிச் சுருண்டு கையில் கிடந்தது. குளிக்கும்போதும் அதோடு, தூங்கும்போதும் அதோடு. முதல் வாரம் குளித்த தண்ணீர்கூட ஊதாவாக ஓடியது. நீங்களெல்லாம் அதில் மூக்கைத் துடைத்தீர்கள், சிலேட்டை அழித்தீர்கள். மறுக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டு நாடாவை அத்தை தன் சோற்றுப் பையின் காதில் கட்டிக்கொண்டாள். தினமும் பையோடு அதுவும் துவைபட்டு வெயிலில் காயும். அவள் கம்பெனி விட்டு வரும் வழியில் என்னைக் கூட்டிக்கொண்டு வருவாள்.

சுவர் வளர ஆரம்பித்தது. கிளுவையை வெட்டிச் சாய்த்தபோது அந்தப் பால்வாசம் வகுப்பு வரைக்கும் வந்தது. கடைசியாக அம்மா வந்த புதன்கிழமை சுவர் அவள் நெஞ்சு உயரம் வந்திருந்தது. நான் செங்கல் குவியல்மேல் ஏறி நின்றேன். முதல்முறையாக இருவர் முகமும் ஒரே மட்டத்தில். அவள் சுவருக்கு மேலாகக் கையைப் போட்டுப் பின்னினாள். ஈரச் சிமெண்ட் அவள் ரவிக்கையில் அப்பிக்கொண்டது. கொத்தனார் பார்த்தார், அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் போய்க் கட்டினார். நல்ல மனுஷன். அடுத்த புதன்கிழமை சுவர் எல்லா இடத்திலும் ஒரே உயரம்.

அதற்குப் பிறகு மதிய மணி அடித்தால் நான் குழாய்க்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நிற்பேன். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டால் அம்மாவாக இருக்குமோ என்று இருக்கும். கத்திக் கூப்பிட்டால் யாராவது வந்துவிடுவார்கள் என்று பயந்து இருமுவேன். ஒரு நாள் அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்கு ஒரு இருமல் வந்தது. கொஞ்ச நேரத்தில் பூவரச இலையில் சுற்றி, நாரால் கட்டிய ஒரு பொட்டலம் சுவரைத் தாண்டி வந்து விழுந்தது. இலை இடுக்கில் ஆவி பறந்தது. எனக்குத் தெரியாதா அது என்ன என்று?

நான் குனிவதற்குள் கேட்டுக்காரர் வந்துவிட்டார். “தொடாதே சாமி. ஆரு போட்டாங்கன்னு தெரியாததைத் திங்கக் கூடாது.” பொட்டலத்தைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். அவர் செய்தது சரிதான். இன்றைக்கு அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கடலை ஆறிப்போகும் வரைக்கும் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பயத்தையும் மறந்து அத்தையிடம் அழுதுவிட்டேன். கடலை, பொட்டலம், இருமல் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். “சரி, மூஞ்சியக் கழுவு” என்றாள், அவ்வளவுதான். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி அத்தை பெட்டியைத் திறந்தாளாம். கேட்டுக்காரர் கொடுத்த வீட்டு நாடா நீளமாக இருந்ததால் முதல் நாளே அதை இரண்டாக வெட்டி, ஒன்றைச் சோற்றுப் பையில் கட்டி, ஒன்றைத் தொலைந்தால் இருக்கட்டும் என்று பெட்டியில் வைத்திருந்தாள். அந்தப் பாதியை, சேவூரிலிருந்து செக்கிங்குக்கு வரும் ஒரு பொம்பளையிடம் கொடுத்து அம்மாவிடம் சேர்க்கச் சொன்னாள். “கூட்டிட்டுப் போயி, பொழுதுக்குள்ள கொண்டாந்து உட்ரோணும். என்ற பேரு வெளிய வரக் கூடாது” என்று சொல்லி அனுப்பினாள். தம்பிக்குத் தெரிந்தால் அவளுக்கு அந்த வீட்டில் இடமில்லை. இதையெல்லாம் நான் கல்யாணமாகிப் போவதற்கு முந்தின வாரம்தான் அத்தை எனக்குச் சொன்னாள். அதுவரைக்கும் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் அவளை!

கார்த்திகை மாதம், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு மதியம். கேட்டுக்காரர் வகுப்புக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். போனால், கம்பிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் அம்மா. நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் நாடா. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கேட்டுக்காரர் என் கையைப் பிடித்துத் தூக்கி, அம்மா கொடுத்த நாடாவை அதன் பக்கத்தில் வைத்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். மறுபடியும் வைத்துப் பார்த்தார். “ஷேடு மாறுதுங்களே” என்றார்.

மாறித்தான் இருந்தது. என் கையில் இருந்தது குளித்துக் குளித்து, வெயில் பட்டு, வெளுத்துப்போய் வாடின பூ மாதிரி இருந்தது. அம்மா கொண்டுவந்தது புத்தம்புதுக் கத்தரிப்பூ. அவள் அதைப் பொன்னைப் போலப் பெட்டியில் மடித்துவைத்திருந்தாள். வேறு ஊராக இருந்தால் இரண்டும் ஊதாதானே, போங்கள் என்று விட்டிருப்பார்கள். நம் ஊர்க் கண்ணுக்கு ஷேடுதான் முதலில் தெரியும். “இது வேற லாட்டுங்க. காதர்பேட்டையில கழிச்ச துணி விக்கற செகண்ட்ஸ் கடைக்குப் போனா எந்தக் கலரும் கெடைக்கும்” என்றார் கேட்டுக்காரர்.

பெரிய டீச்சர் வந்தார்.

“அம்மா! எங்கம்மாங்க டீச்சர்!” என்று நான் கத்தினேன்.

“அம்மான்னு தெரியுதுலா. ஆனா உங்கப்பா சொல்லியிருக்கிற ஆளு உங்க அத்தைதான, பிள்ளை.” டீச்சர் அம்மாவைப் பார்த்தார். “துணி ஒத்து வந்தா நான் ஒண்ணும் கேட்கப் போறதில்ல. இது ஏதும்மா? யார் குடுத்தா?”

ஒரு வார்த்தை போதும். எங்க நங்கையா குடுத்தாங்க என்று சொன்னால் போதும், நங்கையா என்றால் புருஷனுடைய அக்கா, அது டீச்சருக்கும் புரிந்திருக்கும். அத்தையையே கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள். அம்மா சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பேசாமல் நிற்க நிற்க டீச்சருக்குச் சந்தேகம் கூடியது. “போயிட்டு வாங்கம்மா” என்றார்.

என் நாடாவின் சுருளைக் கொஞ்சம் விரித்துப் பார்த்திருக்கலாம். உள்மடிப்பில் தண்ணீரும் வெயிலும் அவ்வளவாகப் போகாத இடத்தில் அந்தப் பழைய கத்தரிப்பூ இருந்தது. எனக்குத் தெரியும், வகுப்பில் சும்மா இருக்கும்போது அதை விரித்து விரித்துப் பார்ப்பேன். ஆனால் எட்டு வயசுப் பிள்ளைக்கு அதை அங்கே எடுத்துச் சொல்ல எங்கே தோன்றும்? பெரியவர்களுக்கே தோன்றவில்லை. எல்லாரும் துணியோடு பிழைக்கிறவர்கள், துவைத்தால் சாயம் போகும் என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அம்மா கம்பி வழியாக என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். கை அழுக்காக இருக்கிறதோ என்று நான் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். “பொறவு வாரேன் கண்ணு” என்று சொல்லிவிட்டுத் தூறலில் நடந்து போனாள்.

மார்கழி போனது. பொங்கல் வந்து போனது. தை பாதி ஆகிவிட்டது. இனி வரமாட்டாள், கொள்ளேகாலுக்குப் போயிருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் குழாய்க்குப் பின்னால் போவதையும் நிறுத்திவிட்டேன். அத்தை என் தலையைப் பின்னும்போது இழுக்காமல் மெதுவாகப் பின்ன ஆரம்பித்திருந்தாள். அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை, காலை இடைவேளையில் கேட்டுக்காரர் மறுபடியும் கூப்பிட்டார். அம்மா நின்றாள். வெயிலில் கருத்திருந்தாள். நாடாவைக் கம்பி வழியாக நீட்டினாள். கேட்டுக்காரர் அதை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

அதே வாடின பூ. அதே மாதிரி சுருண்டு, அதே மாதிரி ஓரம் பிசிறி.

“ஒரே லாட்டுத்தானுங்க” என்றார் கேட்டுக்காரர். பெரிய டீச்சர் வந்து தானும் ஒரு தடவை பார்த்தார். அவருக்கு என்ன தோன்றியதோ தெரியாது. “மணி அடிக்கிற நேரத்துக்குள்ள வீட்டுல விட்டிருங்க” என்று மட்டும் சொன்னார். கேட்டு திறந்தது.

எங்கே போனோம் என்று கேட்பீர்கள். எங்கும் போகவில்லை. காதர்பேட்டைப் பக்கம் போனால் அப்பா பார்த்துவிடுவார் என்று வேறு வழியாக நடந்தோம். நொய்யல் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தோம். அன்றைக்கு என்ன சாயம் தோய்த்தார்களோ, ஆறு சிவப்பாக ஓடியது. ஒரு பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தாள். அம்மா தின்னவில்லை, நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முருகன் கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து என் தலையை அவிழ்த்தாள். பின்னினாள். அவிழ்த்தாள். மறுபடியும் பின்னினாள். நான் திரும்பித் திரும்பி முகத்தைப் பார்த்தேன். வகிடு கோணலாகிப்போனது. அன்றைக்கு அவள் அசையாதே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். அவளுடைய மணிக்கட்டைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் வெயில் படாமல் வெளுப்பாக இருந்தது.

“இதென்னம்மா?”

“அன்னைக்கு உன்ற துணியப் பாத்தனா, வெளுத்துக் கெடந்துது. நானு பொட்டியில வெச்சதால புதுசாவே இருந்துது. ஊட்டுக்குப் போயி எங்கையில கட்டிக்கிட்டேன் கண்ணு. நீ தண்ணி வாத்துக் குளிக்கறப்ப நானும் வாத்துக்கோணுமல்ல?” சிரித்தாள். “நீ முந்தியே ஆரம்பிச்சுட்டே. உன்னையப் புடிக்கோணுமின்னு காத்தால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா வாத்துக்கிட்டேன். மார்கழிக் குளுருல உங்கம்மாயி என்னையப் பைத்தியமின்னுட்டாங்க.”

ப்ளீச்சிங் பவுடரில் ஒரு முக்கு முக்கினால் ஒரு நாளில் வெளுத்திருக்கும். ஏன் அப்படிச் செய்யவில்லை என்று பெரியவளான பிறகு யோசித்திருக்கிறேன். திட்டுத் திட்டாக வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயமாக இருக்கலாம். அது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த மாசக் கடைசியில் அவர்கள் கொள்ளேகாலுக்குப் போய்விட்டார்கள். அதன் பிறகு அம்மாவை நான் பார்க்கவே இல்லை என்று சொன்னால் பொய். என் கல்யாணத்துக்கு வந்தாள். விருந்துக்கு வந்த ஒறம்பரை மாதிரி வந்து, ஒறம்பரை மாதிரி பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனாள். என் பிள்ளை பிறந்தபோது வந்து தங்கினாள். நானும் போய் வந்தேன். இப்போது அவளும் இல்லை, அத்தையும் இல்லை. ஆனால் ஒரு நாள் முழுக்க அவள் எனக்கே எனக்கென்று இருந்தது அந்தப் புதன்கிழமை மட்டும்தான்.

அதனால் கேமரா வையுங்கள். கேட்டு போடுங்கள். அட்டையும் கொடுங்கள். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் காலத்தில் எந்த ஊர்ப் பள்ளிக்கூடமும் வேலியோடு இருக்க முடியாது. என் பங்கை முதல் ஆளாகத் தருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். கேட்டுக்குப் பக்கத்தில், கேமரா பார்க்கிற இடத்திலேயே, நிழலாக ஒரு பெஞ்சு போடச் சொல்லுங்கள். அட்டை இல்லாமல் யாராவது வந்தால் பிள்ளையை வெளியே அனுப்ப வேண்டாம். டீச்சர் பக்கத்தில் நிற்க, அந்தப் பெஞ்சில் கொஞ்ச நேரம் பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். தலை பின்னுகிற நேரம் போதும். தொலைந்துபோனவனே, இதை நீதான் செய்து கொடுக்க வேண்டும். உன்னால் வந்த சுவர்.

அந்த நாடா என்ன ஆனது என்று லீடரம்மா கேட்பாள், அவளுக்கு எல்லாம் முடிவு வரை தெரிந்தாக வேண்டும். முழுப் பரீட்சை முடிந்த அன்று கேட்டுக்காரர் கத்தரியோடு உட்கார்ந்து நம் எல்லார் கையிலிருந்தும் வெட்டிக் கூடையில் போட்டாரே, நினைவிருக்கிறதா? நான் தர மாட்டேன் என்று அழுதேன். அடுத்த வருஷம் புதுசு தருகிறேன் என்று வெட்டிவிட்டார். கூடையைக் கிளறினேன். எல்லா நிறமும் போய் எல்லாம் ஒன்றுபோலக் கிடந்தன. எதை என்று எடுப்பது? ஒரு வெளுத்த துணிக்கு இப்படி அழுகிறாளே என்று நீங்கள்கூடச் சிரித்தீர்கள்.

அது என்னுடைய நாடா இல்லை. அதனால்தான் அழுதேன்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் எங்கள் தெருமுனையில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சேவூர்ப் பொம்பளை சொல்லியிருக்க வேண்டும், வேலைக்குப் போகாமல் எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அம்மா என்னைக் கொண்டுபோய் அவள் முன்னால் விட்டாள்.

“கொண்டாந்துட்டனுங்க நங்கையா.”

“நீ கொண்டாருவீன்னு தெரியும்” என்றாள் அத்தை.

அம்மா மண்டி போட்டு உட்கார்ந்தாள். கேட்டுக்காரரின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். யாராலும் முடியாத அந்த முடிச்சு அவிழ்ந்தது. என் கையில் இருந்ததைத் தன் மணிக்கட்டில் அந்த வெளுப்பு வளையத்துக்கு மேல் கட்டிக்கொண்டாள். தன்னுடையதை என் கையில் கட்டிவிட்டாள். சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு எழுந்து நடந்தாள்.

பனியனில் நூல் பிசிறைக்கூட விடாத அத்தை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். மறுநாள் காலை கேட்டில் என் கையைப் பிடித்துக் கேட்டுக்காரரிடம் காட்டினாள். தன் சோற்றுப் பையில் இருந்த நாடாவையும் பக்கத்தில் வைத்தாள்.

“பாருங்க” என்றாள். “ஒத்துப்போகுதுங்களா?”

அவர் பார்த்தார். “அதேதானுங்க” என்றார்.